பேரனுக்கு நாம் கொடுத்த வயது

கொற்கைக்கு இன்று கடல் இல்லை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டு வரும் வெளியூர் நண்பர்கள் முதலில் தேடுவது கடலைத்தான். தாமிரபரணி நூற்றாண்டு நூற்றாண்டாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் கிழக்கே சில கல் தொலைவு விலகிப் போய்விட்டது என்று சொல்லி, வாழைத் தோட்டங்களையும் குளத்தையும் பழைய வன்னி மரத்தையும் காட்டி அனுப்பி வைப்போம். ஆசிரியப் பணியிலிருந்து 2019-இல் ஓய்வு பெற்றபின் நாம் வந்து அமர்ந்த வீடு அந்த வன்னி மரத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது.

கடலில்லாத அந்த ஊரிலிருந்து, 2020-ஆம் ஆண்டில், நம் பேரன் இரவுதோறும் ஒரு தீவில் போய் இறங்கிக்கொண்டிருந்தான். விமானத்திலிருந்து நூறு பேர் குடை விரித்துக் குதிப்பார்கள். கைக்குக் கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவார்கள். கடைசியில் உயிரோடு நிற்பவன் வென்றவன். பப்ஜி என்று அதற்குப் பெயர். அந்தத் தீவுக்குப் போக அவனுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தவர் வேறு யாருமல்லர், நாமே.

பெருந்தொற்றுக் காலம் அது. பேரனின் தந்தை சரக்குக் கப்பலில் இருந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்தும் எந்தத் துறைமுகத்திலும் இறங்க வழியின்றி மாதக்கணக்கில் கடலிலேயே மிதந்துகொண்டிருந்தார். நம் மகள் தூத்துக்குடியில் செவிலியர். நோயாளிகளிடமிருந்து வீட்டுக்கு நோயைக் கொண்டுவந்துவிடுவோமோ என்று அஞ்சிப் பிள்ளையை நம்மிடம் விட்டிருந்தாள். பதினோரு வயது அவனுக்கு. பள்ளிகள் மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டன. சூன் மாதத்தில் கைப்பேசி வழியாக வகுப்பு என்று அறிவித்தார்கள். ஏரலுக்குப் போய் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கைப்பேசி வாங்கினோம். உறை வேண்டுமா, கண்ணாடி ஒட்ட வேண்டுமா என்றெல்லாம் கடைக்காரத் தம்பி கேட்டார். யாருக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பேரனின் படிப்புக்கு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்போம்.

அன்று மாலை கைப்பேசியில் கணக்குத் தொடங்க அமர்ந்தோம். பிறந்த தேதியைக் கேட்டது. பேரன் 2009 என்று இட்டான். பெற்றோர் கணக்கோடு இணைக்க வேண்டும் என்று அது மறுத்துவிட்டது. மகளைத் தொலைபேசியில் பிடிக்க முயன்றோம். மருத்துவமனைப் பணியில் இருந்தாள், கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு.

"தாத்தா, எனக்குள்ள வருசத்தப் போட்டா விட மாட்டேங்கு. ஒங்களுதப் போடுங்க. சட்டுனு முடிஞ்சிரும்" என்றான்.

அடுக்களையிலிருந்து நம் துணைவியாரின் குரல் வந்தது: "பச்சப் பிள்ளைக்கு எதுக்குப் பொய் சொல்லிக் குடுக்கீங்க?"

"மனுசங்கிட்டயா சொல்லுதோம்? மிசின்கிட்டதானே" என்று நாம் விடை சொன்னோம். நாம் பிறந்த நாளையும் மாதத்தையும் 1961 என்ற ஆண்டையும் இட்டோம். பதினோரு வயதுப் பிள்ளை ஒரு நொடியில் ஐம்பத்தொன்பது வயதுப் பெரியவரானான்.

இதை எழுதும்போது நமக்கே நகைப்பும் நாணமும் வருகின்றன. முப்பத்துநான்கு ஆண்டு ஆசிரியப் பணியில், முதல் வகுப்புச் சேர்க்கையின்போது பிள்ளையின் வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதச் சொல்லி வந்து நின்ற பெற்றோர் எத்தனையோ பேர். "ஆறு மாசந்தான் சார், போட்டுக்கிடுங்க" என்று கெஞ்சுவார்கள். ஒருவருக்கும் நாம் இணங்கியதில்லை. வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி வயது பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். அந்தச் சோதனையில் ஏமாற்ற முடியாது. கை எட்டினால் எட்டும், எட்டாவிட்டால் எட்டாது.

அந்த விளையாட்டு நம் வீட்டுக்குள் வந்ததை நாம் அறிந்தது ஆகஸ்டு மாதத்து ஓர் இரவில். மணி ஒன்று இருக்கும். கொசுவலைக்குள்ளிருந்து கிசுகிசுப்பு: "பின்னால வாரான்... அடி, அடி... செத்துட்டான்." கனவில் பிதற்றுகிறானோ என்று எழுந்து போனோம். போர்வைக்குள் வெளிச்சம். திரையில் ஒருவன் முழந்தாளிட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தான், அவனை நம் பிள்ளை சுட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளதை உள்ளபடி சொல்வதென்றால் அவன் முரடனாகிவிடவில்லை. தெருநாயைக் கல்லால் அடித்ததில்லை, உடன் விளையாடும் பிள்ளைகளைத் தாக்கியதில்லை. தூக்கம் போயிற்று. மாலைச் செபமாலைக்கு அழைத்தால் "இந்த மேட்ச் முடியட்டும் தாத்தா" என்ற குரல் வந்தது. ஒருநாள் பாட்டி கைப்பேசியைக் கையிலிருந்து எடுக்கவும், அருகிலிருந்த செம்பைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். எறிந்த மறுகணமே அழுதான். அழுதவன் பதினோரு வயதுப் பிள்ளை, எறிந்தவன் யாரோ என்று நம் துணைவியார் பிறகு சொன்னார்.

2020 செப்டம்பர் 2-ஆம் நாள் நடுவண் அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. மறுநாள் செய்தித்தாளைப் பார்த்து நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. நம் மன்றாட்டை இறைவன் கேட்டுவிட்டார், அரசும் கேட்டுவிட்டது என்று பாட்டியிடம் வாசித்துக் காட்டினோம். திண்ணையில் அமர்ந்திருந்த பேரன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "சைனாக்காரன் கேமுனுதான் எடுத்தாங்க தாத்தா. சுடுறதுக்காக ஒண்ணும் எடுக்கல."

செய்தியை மீண்டும் படித்தோம். பிள்ளை சொன்னது சரி. அவ்வாண்டு சூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் உயிர் துறந்ததைத் தொடர்ந்து, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்கீழ், நாட்டின் இறையாண்மையையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி இடப்பட்ட ஆணை அது. செயலிகள் திரட்டும் தகவல்கள் எல்லைக்கு வெளியே போவதைப் பற்றியதே அரசின் கவலை. போர்வைக்குள் விழித்திருக்கும் பதினோரு வயதுப் பிள்ளைக்காக அந்த ஆணை பிறக்கவில்லை.

பிள்ளைகளுக்காகக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 2019 தொடக்கத்தில் மும்பை உயர் நீதிமன்றத்தில் இந்த விளையாட்டுக்குத் தடை கேட்டு ஒரு மனு போடப்பட்டது. மனுவைப் போட்டவன் பதினோரு வயதுச் சிறுவன், தன் தாயின் வழியாக. அதே ஆண்டு மார்ச்சில் குசராத்தின் இராஜ்கோட்டில் காவல் ஆணையர் தடையுத்தரவு போட்டார். தடையை மீறி ஆடியதற்காகப் பத்துப் பேர் கைதானார்கள், அவர்களுள் கல்லூரி மாணவரும் இருந்தனர். ஆடிய பிள்ளையைப் பிடிப்பது எளிது. விற்றவர் வேறொரு நாட்டில் கண்ணாடி மாளிகையில் அமர்ந்திருக்கிறார்.

வன்முறை விளையாட்டொன்றைப் பிள்ளைகளுக்கு விற்காதே என்று விற்பவரைப் பார்த்துச் சொல்லும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் அந்த எண்ணம் நம் நாட்டுக்குப் புதியது அன்று. 1956-ஆம் ஆண்டிலேயே நம் நாடாளுமன்றம் இளம் வயதினர்க்குத் தீங்கு விளைக்கும் வெளியீடுகள் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. குற்றங்களையும் வன்செயல்களையும் கொடூரங்களையும் காட்டி, இருபது வயதுக்கு உட்பட்டவரின் மனத்தைக் கெடுக்கக்கூடிய கதைகளை, குறிப்பாகப் படக்கதைகளை விற்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். இருபது வயது என்பதைக் கவனியுங்கள்! அமெரிக்கத் திகில் படக்கதைகள் உலகெங்கும் கலக்கம் உண்டாக்கிய காலம் அது. 1954-இல் அமெரிக்க மேலவைக் குழு ஒன்று அவற்றை விசாரித்தது. பதிப்பாளர்கள் தாங்களாகவே ஒரு கட்டுப்பாட்டு விதியை வகுத்துக்கொண்டார்கள். 1955-இல் இங்கிலாந்து சட்டம் போட்டது. அதற்கு மறு ஆண்டு நம் சட்டம்.

அந்தச் சட்டம் வந்து பதினாறு ஆண்டு கழித்து, 1972-இல், முத்து காமிக்ஸ் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி சிவகாசியிலிருந்து வெளிவந்தது. அப்போது நமக்கு வயது பதினொன்று. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் அந்தக் கதையை மறைக்கல்விப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தோம். அதில் கொலையும் உண்டு, துப்பாக்கியும் உண்டு. கடைக்காரர் நம் வயதைக் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி ஒரு சட்டம் இருந்ததே அவருக்கோ நமக்கோ தெரியாது. பங்குத்தந்தை ஒருநாள் பிடித்துவிட்டார். காதைத் திருகப் போகிறார் என்று காத்திருந்தோம். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவர் இரண்டு நாள் கழித்து, படித்து முடித்துவிட்டு, திருப்பித் தந்தார்.

ஆகவே, வன்முறைக் கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட நம்மால் இயலவில்லை. மறைக்கல்வி வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்த கதைகளையே எண்ணிப் பார்க்கலாம். கோலியாத்தின் தலையைத் தாவீது கொய்தான். ஒலோபெரினின் தலையை யூதித்து தன் பைக்குள் எடுத்துவந்தார். நம் கடற்கரைப் பங்குகளில் குதிரைமேல் வரும் சந்தியாகப்பரின் கையில் வாள் மின்னுகிறது. தேர்த்திருவிழாவில் அவரைப் பார்த்து எந்தப் பிள்ளையும் வாள் தேடிப் போனதில்லை.

இதே ஐயத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றமும் எழுப்பிற்று. கலிபோர்னியா மாநிலம் 2005-இல் ஒரு சட்டம் இயற்றியது. மனித உருவைக் கொல்வதும் உறுப்புகளை வெட்டுவதுமான வன்முறை விளையாட்டுகளைப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு விற்றாலோ வாடகைக்குக் கொடுத்தாலோ ஆயிரம் டாலர் வரை தண்டம் என்றது அது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் திரைப்படங்களில் துப்பாக்கி ஏந்தியே பெயர் பெற்ற அர்னால்டு சுவார்செனெகர் என்பது ஒரு வேடிக்கை. சட்டம் ஒருநாள்கூட நடைமுறைக்கு வராமல் வழக்கில் மாட்டிக்கொண்டது. 2011 சூன் 27-ஆம் நாள் ஏழு நீதிபதிகள் அது செல்லாது என்றார்கள், இருவர் செல்லும் என்றார்கள்.

செல்லாது என்ற தீர்ப்பை எழுதியவர் அந்தோனின் ஸ்காலியா. ஒன்பது பிள்ளைகளின் தந்தை, பற்றுறுதி மிக்க கத்தோலிக்கர், மகன்களுள் ஒருவர் குரு. நாம் குழந்தைகளுக்குச் சொல்லும் தேவதைக் கதைகளிலேயே கொடுமை குறைவில்லை, படக்கதை, திரைப்படம் என்று ஒவ்வொன்று புதிதாய் வந்தபோதும் இதே அச்சம் எழுந்தது, ஆய்வுகள் இரண்டும் சேர்ந்து காணப்படுவதைக் காட்டுகின்றனவேயன்றி ஒன்று மற்றொன்றை விளைவிப்பதைக் காட்டவில்லை என்பது அவர் வாதம். எதிர்த்து எழுதிய கிளாரன்ஸ் தாமசும் கத்தோலிக்கரே. பெற்றோரைத் தாண்டிப் பிள்ளையிடம் நேரே பேசும் உரிமை எவருக்கும் இருந்ததில்லை என்றார் அவர். இன்னொருவர் பிரேயர். பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு ஆபாசப் படம் உள்ள இதழை விற்பதைத் தடுக்கலாமாம், ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்து கொல்லும் விளையாட்டை விற்பதைத் தடுக்கக்கூடாதாம், இது என்ன நியாயம் என்ற பொருள்பட அவர் எழுப்பிய கேள்விக்கு இன்றுவரை நிறைவான விடை கிடைத்ததாக நமக்குத் தோன்றவில்லை. நம் உள்ளம் பிரேயரின் பக்கமே சாய்கிறது. ஒரே விசுவாச அறிக்கையைச் சொல்லும் இருவர் எதிரெதிரே நின்றதைப் பார்க்கையில், நாம் சாய்வது சரிதானா என்ற தயக்கமும் கூடவே இருக்கிறது.

அந்தக் கலிபோர்னியச் சட்டத்தில் நம்மைக் குத்திய வரி ஒன்று உண்டு. விற்கக்கூடாது என்று கடைக்காரருக்குச் சொன்ன சட்டம், பிள்ளைக்கு அதைக் கொடுத்தாலும் குற்றமில்லை என்று சிலரை விலக்கி வைத்திருந்தது: தாய் தந்தை, தாத்தா பாட்டி, மாமன் அத்தை, காப்பாளர். தாத்தாவின் பெயரைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது! வீட்டுப் பெரியவர் அறியாமல் செய்ய மாட்டார் என்று எண்ணியிருப்பார்கள்.

உரோமையும் இது குறித்துப் பேசாமல் இல்லை. 2007-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் விடுத்த செய்தி குழந்தைகளையும் ஊடகத்தையும் பற்றியது. பொழுதுபோக்கு என்ற பெயரில் வன்முறையைப் போற்றும் விளையாட்டுகளை அவர் வன்மையாகக் கண்டித்தார். அச்செய்தி பல பங்குகளில் வாசிக்கப்பட்டிருக்கும். நாமும் கேட்டிருப்போம். அப்போது நம் மகள் செவிலியர் பயிற்சியில் இருந்தாள்; இது நமக்குரியதன்று என்று எண்ணியிருந்தோம் போலும்.

பப்ஜி போனபின் பேரன் நல்லபடியாகிவிட்டான் என்று சொல்ல ஆசைதான். இரண்டே வாரத்தில் ஃப்ரீ ஃபயர் வந்தது. அதிலும் தீவு, அதிலும் துப்பாக்கி. அதில் வீரனுக்கு உடையும் துப்பாக்கிக்கு நிறமும் வாங்க 'டைமண்ட்' வேண்டும்; நூறு டைமண்ட் எண்பது ரூபாய். 2021 அக்டோபரில் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பதிவு போடப் போனபோது, எண்பது எண்பதாக இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. கூட்டிப் பார்த்தால் எட்டாயிரத்துச் சொச்சம். அவன் தந்தை கப்பலிலிருந்து அனுப்பிய பணம். கணக்கு எண்ணும் இரகசிய எண்ணும் நாம் அவன் எதிரில் அழுத்தியவைதாம். வயது அறுபது என்று பதிந்திருந்த கணக்கிலிருந்து பணம் கேட்டபோது எந்த இயந்திரமும் ஐயப்படவில்லை.

2022 பிப்ரவரி 14-ஆம் நாள் ஃப்ரீ ஃபயரும் தடை செய்யப்பட்டது. அன்று மாலையே 'மேக்ஸ்' என்ற பின்னொட்டோடு அதன் உடன்பிறப்பு அவன் கையில் இருந்தது. அதைத் தடை தொடவில்லை. பப்ஜியோ வேறு பெயரில், தென்கொரிய நிறுவனத்தின் கையால், 2021 சூலையில் திரும்பி வந்திருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் இசைவு, நாளுக்கு மூன்று மணி நேரம், செலவுக்கு ஒரு வரம்பு என்று அறிவித்தார்கள். இரத்தத்தின் நிறத்தைப் பச்சையாக்கினார்கள். சிவப்பு இரத்தம் பிள்ளையைக் கெடுக்கும், பச்சை இரத்தம் கெடுக்காது என்று யார் கண்டுபிடித்தாரோ! 2022 சூலையில் அதுவும் முடக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மறுபடியும் வந்தபோது, பெரியவர்களுக்கும் ஆறு மணி நேரம் என்று வரையறுத்தார்கள். நம் பேரன் அந்தப் பெரியவர்களுள் ஒருவன். பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய மூன்று மணி நேரத்தை ஆறாக்கிக் கொடுத்தது நாம் இட்ட 1961.

நம்மைப் போன்ற பெரியவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் என்பது பிற்பாடு படித்தறிந்தது. தென்கொரியா 2011-இல் பதினாறு வயதுக்குட்பட்டவர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணையத்தில் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணை இட்டு ஆடினார்கள். பத்தாண்டு கழித்து 2022 சனவரியில் சட்டத்தையே கைவிட்டார்கள். சீனா 2021-இல் வெள்ளி, சனி, ஞாயிறுகளில் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டும் என்று இறுக்கியது. அங்கேயும் முதியோர் பெயரில் உள்ள கணக்குகளில் பிள்ளைகள் ஆடியது செய்தியாயிற்று. இங்கிலாந்து 2012 முதல் பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு என்று முத்திரை பெற்ற விளையாட்டுகளை அந்தந்த வயதுக்குக் கீழுள்ளவருக்கு விற்பதைக் குற்றமாக்கியது. அது கடையில் விற்கும் தட்டுக்குப் பொருந்தும்; காற்றில் இறங்கி வருவதற்கு அதைப் பொருத்துவது கடினம்.

கடை என்றதும் நம் தெருமுனைப் பெட்டிக்கடை நினைவுக்கு வருகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள்கள் விற்பது குற்றம் என்ற பலகை அங்கே தொங்குகிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம். அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருநாள் நம் பேரனிடம் காசு கொடுத்துப் பீடிக்கட்டு வாங்கி வரச் சொன்னார். கடைக்கார அம்மா கொடுக்கவில்லை. "ஒனக்குத் தரமாட்டேன் மக்ளே. அவுகளயே வரச் சொல்லு, காலு நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பலகைக்கு அஞ்சித் திருப்பினாரா, பிள்ளையின் முகம் பார்த்துத் திருப்பினாரா என்று பிரித்துச் சொல்வது அரிது. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பலகை இல்லாத காலத்தில் அதே அம்மா கொடுத்தும் இருப்பார். சட்டத்தால் பயனில்லை என்று சொல்லும் நண்பர்களிடம் நாம் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

நம் மாநிலம் சட்டம் போடாமல் இல்லை. ஆனால் அது பணத்தைப் பற்றியது. சூதாட்டச் செயலிகளில் பணமிழந்தவர்கள் தற்கொலை செய்துகொண்ட துயரத்தைத் தொடர்ந்து, 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அவ்வாண்டே சட்டமும் இயற்றினார்கள். அது ஆளுநரிடம் போய்த் திரும்பி, மறுபடியும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டில் பதினெட்டுக்குட்பட்டவர் நுழையவே கூடாது, எவராயினும் நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை ஆடக்கூடாது என்றன. ஆதார் வழியாக ஆளைச் சரிபார்க்கவும் வகை செய்தன. சூன் 3-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அவை செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றமோ பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நல்லதுதான். ஆனால் காசு வைத்து ஆடினால் ஒன்று, ஆளைக் கொன்று ஆடினால் வேறொன்று என்று ஒரு கோடு அங்கே விழுந்துவிட்டது. நம் வீட்டில் போன எட்டாயிரம் ரூபாய் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்பதை நம்மால் சொல்ல முடியவில்லை.

அதே நீதிபதி சந்துருவை அரசு மறு ஆண்டு இன்னொரு பணிக்கு அழைத்தது. நம் மாவட்டத்து வாசகர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரவு, நாங்குநேரியில், பட்டியல் சமூகத்து மாணவன் ஒருவனும் தடுக்க வந்த அவன் தங்கையும், அவன் பள்ளியில் படித்த பிள்ளைகளாலேயே வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார்கள். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி காண அமைந்த குழுவின் அறிக்கையை 2024 சூனில் அவர் அளித்தார். மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறும் அதில் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் திருவைகுண்டத்தருகே மற்றொரு மாணவனின் விரல்கள் துண்டிக்கப்பட்டன. ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை வகுப்பறைக்குள் அரிவாளோடு வந்தான்.

அந்தப் பிள்ளைகளும் கைப்பேசியில் சுட்டு விளையாடியிருக்கலாம். ஆனால் அவர்களுக்கு யாரை வெட்ட வேண்டும் என்று கைப்பேசி சொல்லிக்கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் நம்மைப் போல் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள். 2021 செப்டம்பரில் மாநிலக் காவல்துறை, அரிவாளும் கத்தியும் செய்யும் பட்டறைகளில் வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குறித்து வைக்கச் சொன்னது. வாழைத்தார் வெட்ட அரிவாள் அடிக்கக் கொடுத்திருந்த நாம் பட்டறைக்குப் போனபோது, கொல்லர் சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டினார். பெயரை எழுதிக் கையெழுத்திட்டோம். நம் தெருக்களின் எல்லைகளையும், ஏன், நம் கல்லறைத் தோட்டங்களின் குறுக்குச் சுவர்களையும் பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது.

2023 திசம்பர் 17-இல் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். திருவைகுண்டம் நிலையத்தில் தொடர்வண்டி நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். ஏரலும் சுற்றுவட்டார ஊர்களும் தீவாயின. நாம் மாடியில் இருந்தோம். மின்சாரம் இல்லை, கைப்பேசி இரண்டாம் நாளே உயிரை விட்டது. பேரன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் நீரின் வேகம் தணிந்தபின், வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் நான்கைந்து பிள்ளைகள் தண்ணீர்ப் புட்டிகளும் ரொட்டியும் கொண்டு வந்தார்கள். ஆற்றின் அக்கரையோரத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். நம் தெருப் பிள்ளைகள் அந்தக் குடியிருப்புக்குப் போவதில்லை. அவர்களும் இங்கே வருவதில்லை. அவர்களுள் ஒருவன் மாடியை அண்ணாந்து பார்த்து ஒரு விநோதமான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பேரன் துள்ளி எழுந்து அதைவிட விநோதமான பெயரைச் சொல்லிப் பதில் கூவினான். இருவரும் கையை ஆட்டிக்கொண்டார்கள்.

"யாரப்பா அது?" என்று கேட்டோம்.

"என் ஸ்குவாடு தாத்தா. ரெண்டு வருசமா ஒண்ணா ஆடுதோம். நெறைய தடவ என்னயக் காப்பாத்திருக்கான். இன்னைக்குத்தான் நேர்ல பாக்கேன்."

அவன் எந்தத் தெரு என்று நாம் கேட்கவில்லை. நாக்கின் நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டோம் என்பதே உண்மை. அன்று மாலை பேரன் மாடியிலிருந்து இறங்கி அந்தத் தெப்பத்தில் ஏறிப் போனான். இருட்டும் வரை வீடு வீடாக அவர்களோடு சுற்றிவிட்டு, கால் முழுவதும் சேறும் சிராய்ப்புமாகத் திரும்பினான். பாட்டி கடிந்துகொண்டார். நமக்கு அவனைக் கடியத் தோன்றவில்லை.

இப்படியிருக்க, சட்டம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வோம். விற்பவன் ஆளைப் பார்க்க வேண்டும், வயதைக் கேட்க வேண்டும், கேட்டதைச் சரிபார்க்க வேண்டும். பதினெட்டுக்குட்பட்டவரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது; அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. அந்த வாயிலில் நின்று கேட்கப்படப் போகிறவர்கள் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணி வகுப்புக்கு அவசரப்படும் தாத்தாக்கள்தாம்.

பேரன் வளர்ந்துவிட்டான். விளையாட்டு குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் நம் பிறந்தநாள் அன்று காலையில் அவன் கைப்பேசி தானாகவே அவனுக்கு வாழ்த்துச் சொல்லும். கூகுள் பக்கத்தில் மெழுகுவத்தியும் அணிச்சலும் தோன்றும். "தாத்தா, ஒங்களுக்குத்தான் வந்திருக்கு" என்று கொண்டுவந்து நீட்டுவான். 2025-இல் அதன் கணக்குப்படி அவனுக்கு அறுபத்துநான்கு நிறைந்தது. உன் வயதைச் சரியாகப் போட்டுவிடலாமா என்று அன்று கேட்டோம். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்துனா பழசெல்லாம் போயிருமோன்னு இருக்கு தாத்தா."

பழசு என்றால் அந்தத் தெப்பக்காரப் பிள்ளையோடு ஆடியவை. அவன் அம்மா ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு வரும்போது, கேட்டுவிட்டு மாற்றுவோம் என்று சொல்லிக் கைப்பேசியை அவனிடமே கொடுத்தோம்.